அவள் ஊற்றிய பையால் அல்ல, மாப்ளே

யானை கம்பம் தெருவுக்குள் புகுந்து ஓடிய வருசம் அது. மதுரையிலிருந்து தேனிக்கு ரயில் திரும்பி வந்ததற்கு அடுத்த வருசம். ஆட்டோவைத் தள்ளிவிட்டு, வாழைத் தோப்பை மிதித்துவிட்டு, அந்த அரிசிக்கொம்பன் நம்ம சுருளிப்பட்டிப் பக்கமும் வந்து நின்றது. யாரும் வெளியே வரக்கூடாதென்று மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனாக. நீ மட்டும் திராட்சைப் பந்தலைப் பார்க்கக் கிளம்பினாய். "அதுக்கு அரிசிதானாம்ல பிடிக்கும், திராட்சை புளிக்குதுன்னு போயிரும்" என்றாய். யானையைப் பிடித்துக் கொண்டுபோன பிறகு, ஆடிக் காற்றில் உன் பந்தலின் ஒரு பக்கம் சரிந்தது. அதைத் தூக்கி நிறுத்தும்போதுதான் கம்பி உன் முழங்காலுக்குக் கீழே கிழித்தது. வருசத்துக்கு நம்பர் போடட்டுமா என்று மருமகள் கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யானை என்றால் உனக்கு விளங்கும்.

நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் இஸ்திரி போட்டுத்தான் எழுதுவேன் என்கிறாள். போட்டுக்கொள்ளட்டும். விசயத்தை மாற்றாமல் இருந்தால் சரி.

இத்தனை நாள் கழித்து இதை ஏன் எடுக்கிறேன் என்றால், போன மாசம் என் கட்டிலோரத்தில் ஒரு பை தொங்கியது. எனக்கு நீர் இறங்காமல் அடைத்துக்கொண்டது மாப்ளே. தேனியில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, குழாய் போட்டு, பையை மாட்டிவிட்டாக. கண் முழித்ததும் அந்த வாடை. மூத்திர வாடையும் புது ரப்பர் வாடையும் கலந்து ஒன்று வருமே, அது. ஒரு நிமிசம் நான் படுத்திருப்பதா, நீ படுத்திருப்பதா என்று எனக்கே தெரியவில்லை.

பக்கத்தில் வந்த நர்சு சின்னப் பிள்ளைதான். போடிக்காரி. என்னிடம் குனிந்து சொன்னாள்: "தாத்தா, பைய நீங்களாத் தொறந்து ஊத்திராதீக. உங்க மகன்கிட்டயும் சொல்லிட்டேன். நெறஞ்சா என்னையக் கூப்பிடுங்க."

எனக்கொன்றும் அருவருப்பு இல்லை என்றேன்.

"அருவருப்புக்குச் சொல்லல தாத்தா. அளந்து எழுதணும். உள்ள எவ்வளவு போகுது, வெளிய எவ்வளவு வருதுன்னு பாத்துத்தான் அடுத்த பாட்டில் போடலாமா வேண்டாமான்னு டாக்டர் சொல்வாக. நீங்க பாட்டுக்கு ஊத்திட்டீகன்னா, ஒண்ணுமே வரலன்னுல்ல நெனச்சுக்குவாக."

அவ்வளவுதான் சொன்னாள். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய் அங்கேயும் அதையே சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டில் ஆடியது. திரும்பி வந்து பிரஷர் பார்த்தவள், என்ன தாத்தா இப்படி ஏறிக் கிடக்கு என்றாள். ஏறாதா? உன் கட்டிலைச் சுற்றி எத்தனை பேர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தாக, போனாக. அதில் ஒருத்தர் வாயிலிருந்து இந்த ஒரு வார்த்தை வரவில்லையே.

அது வராததால் யார் தலையில் பழி விழுந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருக்கலாம். உன் பொஞ்சாதிதான் உன்னைக் கொன்றாள் என்று உன் வீட்டு ஆட்களே பேசினாக. கம்பத்தில் அவளுக்குப் 'பை ஊத்துனவ' என்று பேர். அதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டாள். நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கண் மூடினாய் என்று நம்புகிறாளே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதை உன்னிடம் தீர்த்துச் சொல்லத்தான் இந்த மடல்.

நம்ம இரண்டு வீட்டுக்கும் நடுவில் எத்தனை தலைமுறையாக மாமன் மச்சான் பேச்சு. நீங்கள் ராவுத்தர் வீடு, நாங்கள் அம்மன் கோயில் தெரு. உன் அப்பாவை நான் மாமா என்பேன், என் அப்பாவை நீ மாமா என்பாய். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். உனக்கு நிக்கா ஆன அன்றைக்கே எனக்கு ஒரு தங்கச்சி வந்தாள். முதல் பெருநாளுக்கு நான் பிரியாணி வாங்கப் பாத்திரத்தோடு வந்தபோது, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அண்ணே, பெரிய பாத்திரமாக் கொண்டாந்திருக்கலாம்ல" என்றாள். அன்றிலிருந்து நான் அண்ணன்தான்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பதை வைத்து நீ பட்ட சந்தோசம் கொஞ்சமா? தேனிக்குப் போக வேண்டியவன் கம்பத்தில் குமுளி வண்டியில் ஏறி உட்கார்ந்ததை டீக்கடையிலிருந்து பார்த்திருக்கிறாய். கூப்பிட்டுச் சொன்னால் என்ன? சொல்லாமல் நீயும் ஏறி, பின் சீட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, மலை ஏறும் வரைக்கும் சிரிப்பை அடக்கியிருக்கிறாய். "ஏலே, போர்டு படிக்கத் தெரியாட்டிப் போகுது. முன்னாடி மலை வருதுல்ல, தேனிக்கு எங்கனடா மலை?" என்றாய். குமுளியில் இறங்கி ஒரு சாயா வாங்கிக் கொடுத்து, அடுத்த வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தாய். போற வழி தப்பு என்றால் கூடவே வந்து சிரிக்கிற ஆள் நீ. கத்துகிற ஆள் இல்லை. அதனால்தான் உன் கட்டிலோரத்தில் நின்று அந்த டாக்டர் கத்தியது எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது.

கம்பி கிழித்ததை நீ யாரிடமும் சொல்லவில்லை. மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு, திராட்சை வெட்டு நடக்கிறது, லோடு ஏற்றணும் என்று நின்றாய். காய்ச்சல் வந்து பல் அடித்தபோதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூடைகளைப் பார்த்தாய். அப்புறம் ஒரு காலையில் மோட்டார் ரூம் வாசலில் பேச்சுக் குழறி உட்கார்ந்துவிட்டாய். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப்பை மறித்து, ஆட்களை இறக்கிவிட்டு உன்னை ஏற்றினோம். கம்பத்தில் பார்த்த டாக்டர் கையைத் தொட்டதும், இங்கே நிற்காதீக, தேனிக்குப் போங்க என்றுவிட்டார். தேனியில் எந்த ஆஸ்பத்திரி என்று எழுத வேண்டாமென்கிறாள் மருமகள். வழக்கு வருமாம். சரி. கண்ணாடி போட்ட பெரிய கட்டடம். உனக்குத் தெரியும்.

முதல் நாள் அவர்கள் செய்ததில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது, ரத்தக் குழாயெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, பிரஷர் அடியில் கிடக்கிறது, வேகமாகத் தண்ணி ஏற்றினால்தான் உயிர் நிற்கும் என்றாக. ஏற்றினாக. கழுத்தில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். மறுநாள் நீ கண்ணைத் திறந்து, பந்தலை யார் பார்க்கிறது என்று கேட்டாய். உன் அண்ணன், பெரியவர், கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதாக. நானும்தான். தண்ணி உன்னைக் காப்பாற்றியது. அதை மறைக்கிறவன் இல்லை நான்.

அதற்குப் பிறகுதான் எல்லாம்.

அந்தத் தீவிர சிகிச்சை ரூமுக்குள் சாதாரணமாக ஆளை விடமாட்டாக. ஆனால் அங்கே ஆள் பற்றாக்குறை. வாய் துடைக்க, திருப்பிப் படுக்க வைக்க, வீட்டாள் ஒருத்தர் இருந்தால் நல்லது என்று அவர்களே தங்கச்சியை உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொண்டாக. நீ தெளிந்ததும் முதலில் கேட்டது தொழுகை. எழுந்திருக்க முடியாது, ஒளுச் செய்யத் தண்ணி தொட முடியாது. தண்ணிக்குப் பதிலாக மண்ணைத் தொட்டுச் சுத்தம் பண்ணிக்கொள்ளலாம் என்று உங்களில் உண்டே, அதற்காக உன் பந்தலடி மண்ணை ஒரு டப்பாவில் நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். நீ அதைத் தொட்டுக் கையில் தடவிக்கொண்டு, படுத்தபடியே விரலை அசைத்துத் தொழுதாய். கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

ஆனால் அந்தப் பை உன்னை உறுத்தியது. கட்டிலில் மூத்திரத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படைச்சவன் முன்னால் எப்படி நிற்பது என்று உனக்கு. கழற்று என்று அவளிடம் சண்டை. கழற்ற முடியாது என்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பள்ளிவாசல் அசரத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, பையோடு தொழுதாலும் தொழுகை கூடும் என்று அவர் தெளிவாகச் சொன்னார். நீ கேட்டாயா? "அசரத்து சொல்வாக. அவுகளுக்கென்ன, அவுக மேலயா தொங்குது?" என்றாய். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அந்த நக்கல். அவள் வெளியே வந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பையைக் கழற்ற முடியாது, காலி பண்ணலாம். அங்கே இருந்த வார்டுப் பெண்ணிடம் கேட்டாள். கேட்டுத்தான் செய்தாள் மாப்ளே, இதை நீ நல்லா மனதில் வை. "தொழுகைக்கு முன்னாடி நான் இத ஊத்திக்கிறட்டுமா?" என்று கேட்டாள். "ஊத்திக்கங்கம்மா, எங்களுக்கும் ஒரு வேல மிச்சம்" என்றாள் அந்தப் பெண். அன்றிலிருந்து ஒவ்வொரு பாங்குக்கும் முன்னால் ஒரு மக்கில் பிடித்து, கக்கூசில் ஊற்றி, மக்கைக் கழுவி, கையைக் கழுவி, பையைத் துடைத்து மடக்கி வைத்துவிட்டு, "இப்ப சுத்தமா இருக்கு, தொழுங்க" என்பாள். உலகத்தில் வேறு எந்தப் பெண்டாட்டி இப்படி ஒரு தப்பைப் பண்ணியிருப்பாள்? புருசன் கடவுளுக்கு முன்னால் கூச்சப்படக்கூடாது என்று பண்ணிய தப்பு. அதைத் தப்பு என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

டாக்டர் வருவார். கட்டில் காலில் தொங்கும் அட்டையைப் பார்ப்பார். பையைப் பார்ப்பார், காலியாக இருக்கும். நீர் பிரியவே இல்லையே, இன்னும் தண்ணி பற்றவில்லை, ஓட விடுங்க என்பார். அடுத்த அட்டைக்குப் போய்விடுவார். உன் முகத்தைப் பார்த்தாரா என்று கேள். தங்கச்சி அங்கேதான் நின்றாள். அவளிடம், நீர் எதுவும் வந்ததா அம்மா என்று ஒரு கேள்வி கேட்டாரா என்று கேள். முக்காடு போட்ட பெண்பிள்ளை ஓரமாக நின்றால் அது சுவர் மாதிரி அவருக்கு. பாட்டில் மேல் பாட்டில் ஏறியது.

நம்ம ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பாட்டில் தொங்கினால் வைத்தியம் நடக்கிறது என்று சந்தோசம். காய்ச்சல் என்று போனால்கூட ஒரு குளுக்கோஸ் போட்டு அனுப்பாத டாக்டரை, கைராசி இல்லாத ஆள் என்று சொல்கிற ஊர்தானே. பெரியவர் கண்ணாடிக்கு வெளியே நின்று, நல்லாத்தான் ஏத்துறாக, நல்லாத்தான் ஏத்துறாக என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாக.

முதலில் பார்த்தது தங்கச்சிதான். உன் விரலில் வெள்ளி மோதிரம் சதைக்குள் போய்விட்டது. கண் இமை வீங்கி, கை பொதுபொதுவென்று ஆகி, தொட்டால் விரல் தடம் பள்ளமாக நின்றது. நர்சிடம் சொன்னாள். தண்ணி ஏத்துறதால அப்படித்தாம்மா இருக்கும் என்று பதில். அப்புறம் படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றாய். தலையைத் தூக்கி வைத்தாள். அப்புறம் உட்கார வைக்கச் சொன்னாய். இருமினாய். நுரை வந்தது. அப்போதுதான் ஓடி வந்தாக எல்லோரும்.

நல்ல பகல். உள்ளே ஓடிய கூட்டத்தில் கதவைச் சாத்த ஆளில்லை. பெரியவரும் நானும் உள்ளே போய்விட்டோம். தண்ணியை வெளியே எடுக்க ஊசி போட்டாக. பை மளமளவென்று நிறைந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேரம் இது எங்கே போச்சு என்று கேட்டார். தங்கச்சி ஒன்றும் மறைக்கவில்லை. "நாந்தான் தொழுகைக்கு முன்னாடி ஊத்திக்கிட்டு இருந்தேன் சார்" என்றாள். கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரிதான் சொன்னாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் அவர் கத்தினார். உன் கட்டிலுக்கு மேலேயே நின்றுகொண்டு கத்தினார். "நீங்க ஊத்துனதுதாம்மா இத்தனைக்கும் காரணம். உங்க கையாலயே செஞ்சுட்டீங்க. படிக்காதவங்கள உள்ள விட்டா இப்படித்தான்." அவள் அந்த வார்டுப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். நீ கண் திறந்துதான் இருந்தாய். அதைக் கேட்டாய். உன் கண் அவளிடமிருந்து நகர்ந்து சுவர்ப் பக்கம் போனது. அதற்குள் எங்களை வெளியே தள்ளி, உன் வாயில் குழாயை இறக்கி, மிசினோடு மாட்டிவிட்டாக. அப்புறம் நீ யாரையும் பார்க்கவில்லை. மதியம் லுகர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது பெரியவர் மட்டும் கை ஏந்தி நின்றாக. அன்று பொழுது சாய்வதற்குள் நீ போய்விட்டாய்.

உன் உடம்பை, மையத்தை, எடுத்த வீட்டிலேயே பெரியவர் ஆரம்பித்தாக. அவள் புருசன் போன துக்கத்துக்கு வெளியே முகம் காட்டாமல் இத்தா இருந்த நாளில், அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு அவள் காதில் விழும்படி சொன்னாக. தம்பியைக் கிருமி கொல்லல, வீட்டுக்குள்ள இருந்தது கொன்னுச்சு என்று. நான் எழுந்து, மாமா, பேச்சை நிறுத்துங்க என்றேன். உனக்கு என்னடா தெரியும், கைநாட்டு என்றாக. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாதுதான். டாக்டர் சொன்னதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? ஒரு கல்யாணத்தில் அவள் பந்தியில் தண்ணி ஊற்ற வந்தபோது, உன் அண்ணன் மருமகள் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் மூடினாக. தங்கச்சி சொம்பை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள்தான். அதற்கப்புறம் எந்த விசேசத்துக்கும் அவள் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அந்தப் போடிக்காரப் பிள்ளை பை விசயத்தைச் சொன்ன மறுநாள், எனக்கு அடுத்த கட்டில்காரருக்கு உடம்பு மோசமானது. ஆண்டிபட்டிக்காரர், உன்னை மாதிரியேதான், காலில் புண், காய்ச்சல், பிரஷர் இறக்கம். ஒரு டாக்டரம்மா வந்தாக. சின்ன வயசு, வாயில் பேச்சு கம்மி. பையைப் பார்த்தாக, அதோடு விடவில்லை. அவர் நகத்தை அழுத்திவிட்டு, சிவப்பு திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தாக. முட்டியைத் தொட்டுச் சில்லென்று இருக்கிறதா பார்த்தாக. ஒரு மிசினைத் தள்ளிக்கொண்டு வந்து, நெஞ்சில் பசை தடவி, இருதயம் அடிப்பதைத் திரையில் பார்த்தாக. அப்புறம் ஒன்று செய்தாக பார், அதுதான் என்னைக் கட்டிலை விட்டு எழுப்பிவிட்டது. சாய்ந்து உட்கார்ந்திருந்தவரின் தலைப் பக்கத்தைத் தாழ்த்தி, இரண்டு காலையும் மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னாக. தூக்கியபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாக. பிறகு காலை இறக்கிவிட்டு, பாட்டில் வேண்டாம், பிரஷரைத் தூக்குகிற மருந்தை மட்டும் கூட்டுங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பினாக.

காலை ஏன் தாயி தூக்கினீக என்று கேட்டேன். கிழவன் தொணதொணக்கிறான் என்று போயிருக்கலாம். நின்று சொன்னாக.

"காலுக்குள்ள இருக்கிற ரத்தம் நெஞ்சுக்கு வரும் தாத்தா. ஒரு பாட்டில் ஏத்துன மாதிரி ஆகும். இருதயம் அத வாங்கிக்கிட்டு நல்லா அடிச்சுதுன்னா, தண்ணி கொடுத்தா தாங்கும்னு அர்த்தம். அடிக்கலன்னா, கொடுக்கிற தண்ணி நுரையீரலுக்குத்தான் போகும். காலை இறக்கிட்டாப் பழையபடி ஆயிரும். ஏத்துன தண்ணிய அப்பிடித் திரும்ப எடுக்க முடியாதுல்ல?"

மாப்ளே, கேட்டுக்கோ. ஏற்றாமலேயே ஏற்றிப் பார்க்கிற வழி ஒன்று இருக்கிறது. அதற்குப் பெரிய மிசின்கூட முக்கியமில்லை, தூக்க இரண்டு கை வேண்டும், நின்று பார்க்க ஒரு மனுசர் வேண்டும். பையில் நீர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? உன் காலைத் தூக்கிப் பார்த்தவர் யார்? உன் நெஞ்சில் அந்த மிசினை வைத்தவர் யார்? அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் அது இல்லாமலா இருந்திருக்கும்?

அப்படியானால் பையை வீட்டாள் ஊற்றிவிட்டால் எல்லாம் கெட்டுப் போகுமா என்று கேட்டேன். உன் கதையை முழுக்கச் சொன்னேன். அவுக முகம் மாறியது. பார்க்காத நோயாளியைப் பற்றி நான் சொல்லக் கூடாது தாத்தா என்றாக. அவருக்கு வந்தது ரொம்பப் பெரிய நோய், எல்லாம் சரியாகச் செய்தாலும் சில பேர் போய்விடுவாக என்றாக. நான் விடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். அப்போது சொன்னாக: "பை ஒரு சாட்சி மட்டுந்தான். ஒரு சாட்சியக் கேட்டுட்டு நாங்க தீர்ப்புச் சொல்றதில்ல. சாட்சி காணோம்னா ஏன் காணோம்னு கேக்க வேண்டியது எங்க வேல. அந்தம்மா வேல இல்ல."

நீ பிழைத்திருப்பாய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த டாக்டரம்மாவே சொல்லவில்லை, நான் யார் சொல்ல? ஆனால் உன் டாக்டர் தன் வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, அந்தச் சுமையைத் தூக்கி, ஓரமாக நின்ற ஒரு பெண்பிள்ளை தலையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாரே. படிக்காதவள் என்றாரே. படித்தவர் கேட்டிருக்கலாமே. என் கோபமெல்லாம் அதுதான்.

குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பிய வாரமே கம்பத்துக்குப் போனேன். மகன் வேண்டாம் என்றான். பஸ் ஏறிவிட்டேன். நேராகப் பெரியவரிடம். அவுகளும் படுக்கையில்தான். சர்க்கரையில் கண் போய், குரலை வைத்துத்தான் என்னைத் தெரிந்துகொண்டாக. நர்சு சொன்னது, டாக்டரம்மா சொன்னது, காலைத் தூக்கியது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே கிடந்தாக. சண்டை போடுவாக, மறுப்பாக என்று நினைத்துப் போனவன் நான்.

"எனக்கும் அப்பவே தோணுச்சு மாப்ள" என்றாக.

தோன்றியதா? பிறகு ஏன் மாமா அவளைச் சொன்னீக என்று கேட்டேன்.

"யாரையாவது சொல்லணும்ல. டாக்டரச் சொன்னா நான் கோர்ட்டுக்கு அலையணும், நாலு பேரக் கேக்கணும். அவளச் சொன்னா ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல."

இதை மட்டும் எழுதணுமா மாமா, செத்தவரைப் பற்றி, என்று மருமகள் பேனாவை நிறுத்துகிறாள். எழுது என்று சொல்லிவிட்டேன். ஒரு பொம்பளை வாழ்க்கையைத் தெரிந்தே இருட்டில் தள்ளிவிட்டு, அதைச் சோம்பேறித்தனம் மாதிரி சொன்னாகளே. எழுதாமல் எப்படி? இதை எல்லோர் முன்னாலும் ஒரு தடவை சொல்லிவிடுங்க மாமா, வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வருகிறவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்க என்று கேட்டேன். பார்ப்போம் என்றாக. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே மௌத்தாகிவிட்டாக. சொல்லாமலே.

தங்கச்சி இப்போது உங்கள் பழைய வீட்டில் பின்கட்டில் இருக்கிறாள். நான் போனபோது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து சொன்னேன். உன் அண்ணன் ஒத்துக்கொண்டதையும் சொன்னேன். அழுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். கீரையை உருவுவதை நிறுத்தவில்லை.

"ஊரு சொல்றது எனக்குப் பழகிருச்சுண்ணே. பெரிய மச்சான் சொன்னதும் பழகிருச்சு. அவுக அப்பிடி நெனச்சுக்கிட்டுப் போயிட்டாகளே, அதத்தான் என்னால முடியல. டாக்டரு சொன்னப்ப அவுக கண்ணு என்னைய விட்டுட்டுச் செவுத்துக்குப் போயிருச்சு. நான் பாத்தேன்."

எனக்கு ஒரு யோசனை வந்தது. அது மேற்குச் சுவர் தங்கச்சி, நீங்கள் தொழுகிற கிப்லாப் பக்கம், பாங்குச் சத்தத்துக்குத் திரும்பியிருப்பான் என்றேன்.

"பாங்கு அப்பறமாத்தான் சொன்னாகண்ணே" என்றாள்.

அவளை ஏமாற்ற முடியாது. எனக்கும் ஞாபகம் இருக்கிறது, அப்புறம்தான் சொன்னாக. கீரைக் காம்பையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டு வந்து அவளே சொன்னாள். "நீங்க போய் அவுககிட்டச் சொல்லுங்கண்ணே. பொம்பளைக கபுருஸ்தானுக்குப் போற வழக்கமில்ல."

போனேன் மாப்ளே. கபுருஸ்தானுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். உன் பக்கத்திலேயே உன் அண்ணனுக்குப் புது மண். அதைப் பார்த்ததும் உன்னிடம் பேச வந்த பேச்செல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சத்தம் போட்டுவிட்டேன் போல. காவல்காரர் ஓடி வந்து, பெரியவரே, யாருகிட்டச் சண்ட என்றார். இது மாமன் மச்சான் சண்டை, நீ போ என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டார். உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வந்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பேப்பரும் மருமகளும்.

ஆகையால் இப்போது கேள். அவள் கேட்டுத்தான் ஊற்றினாள். நீ கூசக்கூடாது என்றுதான் ஊற்றினாள். அதனால் நீ சாகவில்லை. அந்த டாக்டர் சொன்னது பொய். அந்த நேரத்தில் நீ அதை நம்பியிருந்தால், நம்பினதை விட்டுவிடு. நம்பாமல் வேறு எதற்கோ சுவரைப் பார்த்திருந்தால், அதை அவளிடம் சொல்லுகிற வழி உனக்கு எப்படியென்று எனக்குத் தெரியாது. ஆனால் சொல்.

எனக்கு இந்தக் கோபம் போகவில்லை. போகவும் வேண்டாம். கல்யாண வீட்டில், டீக்கடையில், பஸ்ஸில், எங்கே அந்தப் பேச்சு வந்தாலும் நான் எழுந்து நின்று, அந்த டாக்டரம்மா காலைத் தூக்கச் சொன்ன மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் காட்டி விளக்கம் சொல்கிறேன். கிழவனுக்குக் கிறுக்கு என்கிறாக. கேட்கிறவன் கேட்கட்டும். அடுத்த ஆஸ்பத்திரியில் எவனாவது, நீர் வந்துச்சா அம்மா என்று ஓரமாக நிற்பவளிடம் கேட்டால் போதும்.

அன்றைக்கு அந்தக் கட்டிலில் உன்னையும் சேர்த்து நம்ம ஆட்கள் நாலு பேர். நீ போய்விட்டாய். உன் அண்ணன் போய்விட்டாக. நான் இங்கே இருப்பது இன்றைக்கோ நாளைக்கோ, என்னைக் கணக்கில் எடுக்காதே. மிச்சம் இருப்பது ஒருத்திதான். ஊர் அவளுக்கு வைத்த பேரை இந்த மடலில் ஒரு தடவை எழுதச் சொல்லிவிட்டேன், இனிமேல் என் வாயால் வராது. மருமகளிடம் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அவள் பேர் மைமூன்.